கோப்பை வெல்லாத கோல்ஃப் ஆட்டக்காரரை எப்படி நினைவுகூர்வது?

குடும்பத்தின் மீது பேரன்பு கொண்டிருந்த, பொழுதுபோக்காகக் கோல்ஃப் ஆடிவந்த ஒருவர் மறைந்துவிட்டதாகவும், அவரைப் பற்றிய நினைவுக் குறிப்பில் கோப்பை எதையும் வென்றிராத அவருடைய ஆட்டத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகவே கொடுக்கலாம் என்பது என் கருத்து. என் மாமனார் மறைந்தபோது அத்தகைய குறிப்பை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. 'அன்பான கணவர், பொறுப்பான தந்தை' என்னும் சொற்களை யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவிடலாம். அவர் எத்தகைய கணவர், எத்தகைய தந்தை என்பதை அவை சொல்வதில்லை. என் மாமனாரைப் பொறுத்தவரை, அதைச் சொல்லும் செய்திகள் அவர் எத்தனை அடிகளில் ஆட்டத்தை முடித்தார் என்பதில் இல்லாமல், எப்படி ஆடினார் என்பதில்தான் இருந்தன.

கோல்ஃபில் குறைந்த அடிகளில் முடிப்பவரே வல்லவர். பார் 72 கொண்ட, அதாவது தேர்ந்த ஆட்டக்காரர் 72 அடிகளில் முடிப்பார் என்று கணக்கிடப்பட்ட மைதானத்தில், அவர் பெரும்பாலும் தொண்ணூறுகளின் நடுவில் முடிப்பார். இருபதை ஒட்டிய ஹேண்டிகேப் உடைய, மிகச் சாதாரணமான ஆட்டக்காரர். ஹேண்டிகேப் என்பது ஆட்டக்காரரின் திறனுக்கேற்ப அவருக்குக் கிடைக்கும் அடிக் கழிவு. 2020 முதல் நடைமுறையில் உள்ள உலகளாவிய முறைப்படி, ஒருவருடைய அண்மைய 20 ஆட்டங்களில் சிறந்த 8 ஆட்டங்களைக் கொண்டு ஹேண்டிகேப் கணக்கிடப்படுகிறது. அதன் உச்ச வரம்பு 54. வல்லவரும் புதியவரும் சமமாக மோதுவதற்கு இந்த ஏற்பாடு வழிசெய்கிறது. தந்தைக்கு 20, மகளுக்கு 36 என்றால், ஏறத்தாழ 16 அடிகள் மகளுக்குக் கழிவாகக் கிடைக்கும். என் மனைவி சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே மாமா அவளோடு இப்படிக் கழிவு கொடுத்துத்தான் ஆடினார். குழந்தை மகிழட்டும் என்று வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கும் பழக்கம் அவருக்கு இருந்ததில்லை. அது குழந்தையை மதிக்காத செயல் என்று அவர் கருதினார். உரிய கழிவைக் கொடுத்துவிட்டு முழு மனத்தோடு ஆடுவார். அப்படி ஆடியும் மகளிடம் தோற்ற நாள்களில் அவர் அடைந்த பெருமிதத்தை, வேறெந்த வெற்றியிலும் அடைந்ததில்லை என்று மாமி சொல்வதுண்டு. பிள்ளைகளை அவர் வளர்த்த விதம் முழுவதும் இந்த ஒரு பழக்கத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியதால், நினைவுக் குறிப்பின் நடுவில் இதைத்தான் வைத்தேன்.

அடுத்ததாக நேர்மை. பெரும்பாலான கோல்ஃப் ஆட்டங்களில் ஆட்டக்காரரைத் தொடர்ந்து கண்காணிக்கும் நடுவர் எவரும் இருப்பதில்லை. தன் அடிகளைத் தானே எண்ண வேண்டும். விதியை மீறினால் தானே முன்வந்து சொல்ல வேண்டும். ஒருமுறை அடர்ந்த புல்லுக்குள் நின்றிருந்த பந்தை அடிக்க அவர் ஆயத்தமானபோது, மட்டை பட்டுப் பந்து சற்றே நகர்ந்துவிட்டது. அருகில் நின்ற நான்கூட அதைக் கவனிக்கவில்லை. அவர் பந்தைப் பழைய இடத்தில் வைத்து, அபராதமாக ஓர் அடியைச் சேர்க்கச் சொல்லிவிட்டு, அதைப் பற்றி மேற்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் ஆட்டத்தைத் தொடர்ந்தார். 1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓபன் போட்டியில் புகழ்பெற்ற அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் இதேபோல், வேறு யாரும் பார்க்காத அசைவுக்காகத் தனக்குத்தானே ஓர் அடி அபராதம் விதித்துக்கொண்டார். இறுதியில் சமநிலை ஏற்பட்டு, அதை முறிக்க நடந்த ஆட்டத்தில் வில்லி மெக்ஃபர்லேனிடம் பட்டத்தை இழந்தார். ஜோன்ஸும் கடைசிவரை பணத்துக்காகப் போட்டிகளில் ஆடாதவர், வழக்கறிஞர், 1930இல், 28 வயதில், புகழின் உச்சியில் இருந்தபோதே போட்டிகளிலிருந்து விலகியவர். மாமாவுக்கு அவர்மீது மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் குறிப்பில் நான் ஜோன்ஸைச் சேர்க்கவில்லை. பெரிய மனிதரோடு ஒப்பிடும்போது நம் மனிதர் சிறுத்துப்போய்விடுவார்.

வீட்டில் அதிகம் பேசாத அவர் மைதானத்தில் பேசுவார் என்பதையும் எழுதினேன். 18 குழிகளை முடிக்க நான்கு மணி நேரம் ஆகலாம். அதில் மட்டையை வீசும் நேரத்தையெல்லாம் கூட்டினாலும் சில நிமிடங்கள்தான் வரும். மற்றதெல்லாம் நடையும் காத்திருப்பும். முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்படும் மனிதர்களுக்குப் பக்கத்தில் நடந்தபடி பேசுவது எளிதாக இருக்கிறது போலும். மகளின் திருமண வாழ்வு குறித்த கவலைகளையும், தன் உடல்நிலை பற்றிய அச்சத்தையும் அவர் என்னிடம் சொன்னது இரண்டு குழிகளுக்கு இடையில்தான். மருமகனாக வந்த என்னை அவர் மகனாக ஏற்றுக்கொண்டதும் அந்த நடைகளில்தான் என்று நம்புகிறேன்.

குறைகளை மறைக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது விடுமுறை நாளின் பாதியை இந்த ஆட்டம் விழுங்கியது. மாமிக்கு அதில் நெடுநாள் மனத்தாங்கல் இருந்தது. மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு மாமா விடியற்காலையில் 9 குழிகள் மட்டும் ஆடிவிட்டு, மற்றவர்கள் எழும்போது வீடு திரும்பத் தொடங்கினார். இதை எழுதலாமா என்று மாமியிடம் கேட்டேன். "கட்டாயம் எழுதுங்கள், மாப்பிள்ளை, அவர் வீட்டில் இருந்த நாள்களில்தான் எனக்கு வேலை அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். இரண்டையும் சேர்த்தேன். வாசித்தவர்கள் அந்த இடத்தில் சிரித்தது எனக்கு நிறைவாக இருந்தது.

எழுத உட்காருமுன், உங்களிடமிருந்து மறைந்தவருடைய பழைய மதிப்பெண் அட்டைகள் கிடைக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். போட்டி அட்டையில் எண்ணிக்கையைச் சரிபார்த்த சக ஆட்டக்காரரின் கையொப்பம் இருக்கும். அவர்களைத் தேடிச் சென்று பேசினால், குடும்பத்துக்குத் தெரியாத செய்திகள் கிடைக்கும். ஆட்டம் மெதுவாகிவிடும் என்று மற்றவர்கள் தவிர்க்கும் புதியவர்களை மாமா தாமாகவே அழைத்துத் தம்முடன் சேர்த்துக்கொள்வார் என்பது, அப்படி ஒருவரைச் சந்தித்தபோதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: அவருடைய எண்ணிக்கையை அன்பின் மிகுதியால் குறைத்து எழுதிவிடாதீர்கள். தொண்ணூறுகளில் ஆடியவரை எண்பதுக்குள் முடித்தவராக்கினால், அவருடன் நடந்தவர்கள் அந்த வரியைப் படித்ததுமே மற்ற வரிகளையும் ஐயத்தோடுதான் படிப்பார்கள்.