பிளாற்றினமும் தேயும்

கேள்வி: பிளாற்றினம் எளிதில் தாக்கமடையாத உலோகம் என்று பாடசாலையில் படித்தோம். அவ்வாறிருக்க, ஐதரசன் எரிபொருட் கலத்தில் ஊக்கியாக இருக்கும் பிளாற்றினம் காலப்போக்கில் வலுவிழப்பது ஏன்? அதன் ஆயுளை நீடிக்க வழி உண்டா?
– வாசகர், வெள்ளவத்தை, கொழும்பு 6.

பதில்: நகையிலுள்ள பிளாற்றினத்துக்கு நீங்கள் படித்தது முற்றிலும் பொருந்தும். ஐதரசனையும் வளியிலுள்ள ஒட்சிசனையும் சேர்த்து மின் தரும் கலத்திலுள்ளதோ, காபன் தூளின்மேல் பதிந்த, 2 முதல் 5 நனோமீற்றர் வரையான நுண்துணிக்கைகள். இவ்வளவு சிறிய துணிக்கையின் மேற்பரப்பு அணுக்கள் இலகுவில் பிரிந்துபோகும். வாகனம் வேகமெடுத்துத் தணியும்போதெல்லாம் ஒட்சிசன் வந்து சேரும் மின்வாயான கதோட்டின் வோல்ற்றளவு இறங்கி ஏறுவதால், பிளாற்றினத்தின்மேல் ஒட்சைட்டுப் படலம் உருவாகியும் நீங்கியும் வர, ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவு உலோகம் கரைகிறது. கரைந்ததில் ஒரு பங்கு பெரிய துணிக்கைகளில் படிந்து அவற்றை மேலும் பருக்கச் செய்வதால், தாக்கத்துக்குரிய மொத்த மேற்பரப்பு குறைகிறது. மறு பங்கு, இரு மின்வாய்களுக்கும் இடையே புரோத்தனைக் கடத்தும் மென்சவ்வினுள் புகுந்து, எதிரே வரும் ஐதரசனால் மீண்டும் உலோகமாகி, பயனற்ற படையாகத் தங்கிவிடுகிறது.

இதைவிடக் கொடியது, நெடுநேரம் நின்ற கலத்தை இயக்கும் கணம். ஐதரசன் வந்து சேரும் மின்வாயான அனோட்டின் பக்கத்தில் புகுந்திருக்கும் வளியை ஐதரசன் தள்ளிக்கொண்டு செல்லும் அந்தச் சிறு பொழுதில், வளி எஞ்சியுள்ள பகுதிக்கு எதிரேயுள்ள கதோட்டின் மின்னழுத்தம் ஏறத்தாழ 1.5 வோல்ற்று வரை உயரக்கூடும். அப்போது காபன் தாங்கியே காபனீரொட்சைட்டாக அரிக்கப்பட, பிளாற்றினம் பிடிமானம் இழக்கிறது.

காரீயமாக்கிய (பென்சிற்கரியின் அமைப்புக்கு மாற்றிய) காபன் இந்த அரிப்பை நன்கு தாங்கும். பிளாற்றினத்துடன் கோபாற்றைக் கலப்பதும் வழக்கம். 2014இல் வெளிவந்த டொயோட்டா மிராய் காரில் அத்தகைய கலப்புலோகமே பயன்பட்டது. ஆனால் கோபாற்று கரைந்து மென்சவ்வை அடைந்தால் புரோத்தன் கடத்தல் குறையும் என்பதால், இரு உலோக அணுக்களும் ஒழுங்குமுறையாக அடுக்கப்பட்ட கலப்புலோகங்களை ஆய்வாளர்கள் நாடுகின்றனர்.

எனினும் புதிய உலோகத்தைத் தேடுவதற்கு முன், கலத்தை இயக்கும் முறையைத் திருத்துவதே முதற்கடமை என்பது என் உறுதியான கருத்து. சுமையின் ஏற்ற இறக்கத்தை மின்கலவடுக்கிடம் ஒப்படைப்பதும், உயர் வோல்ற்றளவில் கலத்தைச் சும்மா நிற்கவிடாமல் தடுப்பதும், நிறுத்திய பின்னரும் அனோட்டில் ஐதரசனைத் தங்கவைப்பதும் இன்றே செய்யக்கூடியவை. பாரவூர்திகளுக்கு அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் 2030க்கென வகுத்துள்ள 25,000 மணிநேர ஆயுள் இலக்கை, இந்த ஒழுங்கு இல்லாமல் எட்டுவது கடினம்.

உங்கள் வெள்ளவத்தையில் ஐதரசன் கலத்தால் இயங்கும் பேருந்து ஓடுமாயின் வளி வடிகட்டியையும் கவனிக்க வேண்டும்: கடற்காற்றின் உப்பிலுள்ள குளோரைட்டு பிளாற்றினத்தின் கரைவை விரைவாக்கும்; காலி வீதியின் வாகனப் புகையிலுள்ள கந்தகவீரொட்சைட்டு அதன் மேற்பரப்பில் ஒட்டி, ஒட்சிசனுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.