குடும்பமாகச் சேர்ந்து வீட்டிலேயே ஒரு மரப்படகு கட்ட முடியுமா?

தாராளமாக முடியும். பலகையை ஆவியில் வளைத்து ஆணியடிக்கும் பழைய முறை வேண்டாம். ப்ளைவுட்டைத் தைத்து ஒட்டும் முறைக்குப் போங்கள். தச்சுவேலை தெரியாதவர்களுக்கும் கைவரும்.

இதைப் பரவலாக்கியது பிரிட்டனின் மிரர் படகு. 1960களின் தொடக்கத்தில் டெய்லி மிரர் நாளிதழ் முன்னின்று கொண்டுவந்தது. படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், வீட்டு மராமத்து வேலைகளை டிவியில் சொல்லிக்கொடுத்துப் பிரபலமான பேரி பக்னெலும் உருவாக்கியது. 3.3 மீட்டர் நீளம், சிவப்புப் பாய். இதுவரை 70,000க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் எங்கள் கேரேஜில் கட்டியது அதே முறையில் ஒரு சின்னத் துடுப்புப் படகு. பலகை விளிம்புகளில் துளை போட்டு, செம்புக் கம்பியைக் கோத்து, குறடால் முறுக்க வேண்டும். பிள்ளைகளுக்கென்றே அமைந்த வேலை. மகள் வெளியிலிருந்து முறுக்க, உள்ளே குனிந்திருந்த மகன் "இன்னும் இடைவெளி தெரியுது, இன்னும்" என்று அதட்டிக்கொண்டிருந்தான். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, "மசூலா படகு மாதிரில்ல தைக்கிறீங்க!" என்றார். சென்னையில் துறைமுகம் வருமுன், கப்பலில் வந்தவர்களை அலை தாண்டிக் கரைசேர்த்த படகு அது, தென்னங்கயிற்றால் தைத்தது. அதில் தையல்தான் எல்லாம். நம் கம்பிக்கோ, பசை இறுகும்வரைதான் வேலை.

பசை போடுமுன் படகின் குறுக்கே, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக நேரான சட்டங்களை வைத்து, ஒற்றைக் கண்ணால் பாருங்கள். ஒன்றுக்கொன்று சாய்வாகத் தெரிந்தால் படகு முறுகியிருக்கிறது. கம்பியைத் தளர்த்தி அப்போதே சரிசெய்யுங்கள். பசையான எபாக்ஸி (பிசினையும் இறுக்கியையும் கலந்து பூசுவது) இறுகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த எபாக்ஸி பக்கம் மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள். இதில் நான் கறார். தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. கையுறை போட்டுக்கொண்டு பெரியவர்கள் செய்யட்டும். கப் நிறையக் கலக்கி வைத்தால் தன் சூட்டிலேயே புகையத் தொடங்கும். கொஞ்சமாகக் கலந்து அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். குளிரில் சீக்கிரம் இறுகாது என்பதால் இங்கே கோடைதான் தோது.

படகுக்கென்றே செய்யும், தண்ணீரைத் தாங்கும் பசை போட்ட மரைன் ப்ளைவுட்டே வாங்குங்கள், அதில் சிக்கனம் வேண்டாம். அதற்கும் முன்னால் வாசலை அளந்துவிடுங்கள். மிரரின் அகலம் சுமார் 1.4 மீட்டர்; சாதாரண அறைக்கதவு வழியாக நேராக வெளியே வராது.