பழைய டென்னிஸ் படங்களில் பெண்கள் ஏன் தரை தொடும் பாவாடையில் ஆடுகிறார்கள்?

அதைத் தனி விளையாட்டு உடை என்று யாரும் நினைக்கவில்லை. 1870-களில் இங்கிலாந்தில் புல்தரை டென்னிஸ் பரவியபோது அது வசதியானவர்களின் தோட்ட விருந்தில் ஒரு பொழுதுபோக்கு. விருந்துக்கு உடுத்தியதோடு மட்டையைத் தூக்கினார்கள். படத்தை உற்றுப் பாருங்கள்: தலையில் தொப்பி, உள்ளே இடுப்பை இறுக்கும் கார்செட். எப்படித்தான் பந்தைத் துரத்தினார்களோ!

உடைக்கு வெள்ளை நிறம் வந்தது வியர்வைக் கறை தெரியாமலிருக்க.

1887-இல் விம்பிள்டன் வென்ற லாட்டி டாடுக்கு 15 வயதுதான். சிறுமி என்பதால் பாவாடை கொஞ்சம் குட்டை. அப்புறம் 1919-இல் பிரெஞ்சு வீராங்கனை சூசன் லெங்லென் கார்செட்டையே கழற்றிப் போட்டுவிட்டு, கெண்டைக்கால் வரையிலான உடையில், குட்டைக் கையோடு வந்து பட்டத்தை வென்றார். முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அவர் பந்துக்காகத் துள்ளும் படங்களில் பாவாடை விசிறிபோல விரிவதைப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

ஆண்களா? 1930-கள் வரை முழுக்கால்சட்டைதான்.