வகுப்பறையில் தொங்கும் கோப்பைகள்

அன்புள்ள ஐயா,

மஸ்கட்டில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஓமானியப் பிள்ளைகள்தான் அதிகம். எகிப்து, ஜோர்டான், சூடான் பிள்ளைகளும் உண்டு. பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறேன். என் நெறியாளர் பள்ளிக் கட்டடங்களில் ரேடான் வாயுவை, அதாவது மண்ணிலிருந்து இயற்கையாகக் கசியும் கதிரியக்க வாயுவை, அளக்கச் சொல்கிறார். சிஆர்-39 என்ற பிளாஸ்டிக் துண்டுகளைக் கோப்பைகளுக்குள் வைத்துத் தொங்கவிட்டு, மூன்று மாதம் கழித்து எடுத்து அவற்றில் விழுந்த தடங்களை எண்ணினால் கட்டுரை உறுதி என்கிறார். எனக்கோ கதிரியக்கத்தைப் பற்றி மாணவர்கள் என்ன புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று ஆராய ஆசை. நாற்பது கேள்விகளோடு வினாத்தாள் தயாரித்து இணைத்திருக்கிறேன். உடன் வேலை செய்பவர்கள் "அது கல்வியியல், அறிவியல் இல்லை" என்கிறார்கள். இங்கெல்லாம் பணம் இருக்கிறது, ஆராய்ச்சி மரபு இல்லை என்பதும் ஒரு காரணமோ? நான் எதைத் தேர்ந்தெடுப்பது? வினாத்தாள் ஆங்கிலத்தில் இருக்கலாமா, அரபியில் வேண்டுமா? நீங்கள் வளைகுடாவில் ரேடியோகிராபி வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். இன்னொன்று. என் அம்மாவுக்கு ஒரே வருடத்தில் இரண்டு சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். பயப்பட வேண்டுமா?

ச.

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அம்மாவின் மருத்துவரைக் கேளுங்கள். நான் எண்ணெய்க் குழாய்களைப் படம் எடுத்தவன், மனிதர்களை அல்ல. மொழிக் கேள்விக்கும் நீண்ட பதில் தேவையில்லை. பிள்ளை வீட்டில் எந்த மொழியில் பயப்படுகிறதோ அந்த மொழியில் கேளுங்கள்.

அடுத்து உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். "பணம் இருக்கிறது, ஆராய்ச்சி மரபு இல்லை." இந்த வரியை வளைகுடாவில் இருந்து ஊருக்கு வரும் எல்லோரும் சொல்வார்கள். நானும் லேபர் கேம்ப்பில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். நீங்கள் இயற்பியல் ஆசிரியை, நீங்கள் சொல்லக்கூடாது. எகிப்தின் இன்ஷாஸில் அணு ஆராய்ச்சி உலை 1961-லேயே இயங்கத் தொடங்கிவிட்டது. அலெக்சாண்டிரியா பல்கலைக்கழகத்தில் அணுப் பொறியியல் துறை 1963-இல் வந்தது. எண்ணெய்ப் பணம் இல்லாத ஜோர்டானில், இர்பித் அருகே, ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே 5 மெகாவாட் பயிற்சி உலை 2016 முதல் இருக்கிறது. அதே நாட்டின் அல்லான் என்ற ஊரில் 2017-இல் திறந்த செசமி சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கி மையத்தில் ஈரானும் இஸ்ரேலும் பாகிஸ்தானும் பாலஸ்தீனமும் உறுப்பினர்கள். வேறு மேசைகளில் இவர்களைச் சேர்த்து உட்கார வைப்பது கடினம். உங்களுக்குப் பக்கத்து நாடான அமீரகத்தில் பராக்கா அணுமின் நிலையத்தின் நான்காவது உலையும் 2024-இல் வணிக உற்பத்திக்கு வந்துவிட்டது.

சமீரா மூசாவைப் பற்றி உங்கள் மாணவிகளுக்கு ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கிறீர்களா? 1917-இல் பிறந்த எகிப்திய அணு இயற்பியலாளர். 1952-இல் அமெரிக்காவில் கார் விபத்தில் இறந்தார். அந்தச் சாவைச் சுற்றி இன்றும் சதிக் கதைகள் சுற்றுகின்றன, அவற்றை விடுங்கள். அவருடைய பள்ளி நாட்களைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு கதைதான் எனக்கு முக்கியம். பள்ளியில் ஆய்வகம் இல்லை என்பதால் அவர் அரசுப் பள்ளிக்கு மாறப் பார்த்தாராம். தலைமையாசிரியை நபவிய்யா மூசா அந்த ஒரு பெண்ணைத் தக்கவைப்பதற்காகவே ஆய்வகம் அமைத்துக்கொடுத்தாராம். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம், போகட்டும். மரபு இல்லை என்று இனி எழுதாதீர்கள்.

சரி, ரேடான். அந்தக் கட்டுரைகளை நான் நிறையவே படித்திருக்கிறேன். ஓய்வுபெற்ற மனிதனின் பொழுதுபோக்குகளில் இதுவும் ஒன்று. ஈராக், பாலஸ்தீனம், ஜோர்டான், எகிப்து, சவூதி என்று எங்கும் பள்ளிக்கூடங்களில் அளந்து தள்ளியிருக்கிறார்கள். கேலி செய்வது சுலபம். ஆனால் அந்த முறையின் அழகைப் பாருங்கள். மூக்குக்கண்ணாடி வில்லை செய்கிற அதே பிளாஸ்டிக். ரேடான் வெளியிடும் ஆல்ஃபா துகள் பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காயம் விழும். 70 டிகிரி சூட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்தால் காயம் குழியாக விரியும். பிறகு நுண்ணோக்கியும் பொறுமையும் போதும். மின்சாரம் நின்றுபோன ஊரிலும் அந்தத் துண்டு தன் கணக்கை எழுதிக்கொண்டே இருக்கும். பாக்தாதிலும் பாஸ்ராவிலும் ஆராய்ச்சி செய்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்று நாம் உணர மாட்டோம்.

குறை வேறு இடத்தில். கோப்பை தொண்ணூறு நாள் தொங்குகிறது. ராத்திரியும், வெள்ளிக்கிழமையும், பெருநாள் விடுமுறையும், ஏ.சி. அணைந்து கதவு சாத்திய நேரமும் எல்லாம் அதில் பதிவாகிவிடும். பிள்ளை உட்கார்ந்திருப்பதோ பகலில் ஆறு மணி நேரம், கதவு திறந்து மூடும் அறையில். அந்த மூன்று மாத சராசரியை எடுத்துப் பிள்ளையின் நுரையீரலுக்கு இவ்வளவு ஆபத்து என்று கணக்குப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் நெறியாளரிடம் இதை மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய குறை, அந்த அறையில் இருந்த பிள்ளைகளுக்கு அது என்ன கோப்பை என்று யாராவது சொன்னார்களா என்பது. நான் படித்தவற்றில் பல ஒரே மாதிரி முடிகின்றன. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கன மீட்டருக்கு 100 பெக்கரல் (கதிரியக்க அளவு) என்ற வரம்புக்குக் கீழே இருக்கிறது, ஆகவே கவலையில்லை. யாருக்குக் கவலையில்லை? அந்த எண் ஆய்விதழுக்குப் போகிறது. வகுப்பறையில் இருப்பவருக்கு வருவதில்லை. ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: இரண்டையும் செய்யுங்கள். கோப்பையைப் பிள்ளைகளே தொங்கவிடட்டும், தரைத்தளத்தில் ஏன் கூடுதல் என்று அவர்களே யோசிக்கட்டும், குழிகளை அவர்களே எண்ணட்டும். நெறியாளருக்குக் கட்டுரை கிடைக்கும், உங்களுக்கு ஆராய்ச்சி கிடைக்கும்.

இதை எழுதும்போது ஓர் இரவு நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளில், வளைகுடா நாடு ஒன்றில், பாலைவனத்தில் குழாய் பதிக்கும் இடம். ஆர்.டி. வேலை, அதாவது குழாயைக் கதிர்வீச்சால் படமெடுப்பது, எப்போதும் ராத்திரியில்தான், மற்றவர்கள் எல்லோரும் போன பிறகு. வெல்டு செய்த மூட்டில் பிலிமைக் கட்டிவிட்டு, கிராங்க்கைச் சுற்றி சோர்ஸை, அதாவது கதிர்வீசும் துண்டை, வெளியே தள்ளிவிட்டுத் தள்ளி நின்றுகொள்வோம். நான் இருந்த கம்பெனியில் இரண்டு குழுவுக்கு ஒரே சர்வே மீட்டர், கதிர்வீச்சை அளக்கும் கருவி. அன்றைக்கு அது மற்ற குழுவிடம். கேட்டதற்கு சூப்பர்வைசர், "கயிறு கட்டியாச்சு இல்ல, அப்புறம் என்ன?" என்றார். கயிறு கட்டியிருந்தோம். பலகையும் இருந்தது, அரபியிலும் ஆங்கிலத்திலும். அந்தக் கயிற்றைத் தாண்டி ஒரு பையன் வந்துவிட்டான். பத்து வயது இருக்கும், ஆடு தேடி வந்தவன். நாங்கள் கத்திக்கொண்டே சோர்ஸை உள்ளே இழுத்தோம். அவன் பயப்படவில்லை. கேமரா வைத்துப் படம் எடுக்கும் ஆட்கள் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். தன்னையும் ஒரு படம் எடுக்கச் சொன்னான்.

பலகையை அவனால் படிக்க முடியவில்லை. அதில் இருந்த மூன்று இதழ்ச் சின்னத்தைக் காட்டிக் கேட்டேன். மின்விசிறி என்றான்.

அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? சர்வதேச அணுசக்தி முகமைக்கே இந்தச் சின்னம் யாரையும் எச்சரிப்பதில்லை என்று புரிந்துதான் 2007-இல் இன்னொரு சின்னத்தைக் கொண்டுவந்தார்கள். சிவப்புப் பின்னணியில் கதிர் அலைகள், மண்டையோடு, ஓடும் மனிதன். 11 நாடுகளில் மக்களிடம் காட்டிச் சோதித்தார்கள். சவூதியும் மொராக்கோவும் அதில் இருந்தன, நம் இந்தியாவும். சாதாரண மனிதர் எதைப் பார்த்து என்ன புரிந்துகொள்கிறார் என்று கேட்டு எழுதுவதுதான் அந்த வேலை முழுவதும். "கல்வியியல், அறிவியல் இல்லை" என்கிற உங்கள் சகாக்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மூன்று ஊர்களின் பெயரைச் சொல்கிறேன். உங்கள் வகுப்பில் கரும்பலகையில் எழுதுங்கள்.

செதிஃப், அல்ஜீரியா, 1978. லாரியிலிருந்து ஒரு இரிடியம் சோர்ஸ் கீழே விழுந்தது. மூன்று வயதும் ஏழு வயதுமான இரண்டு சிறுவர்கள் எடுத்து விளையாடினார்கள். பாட்டி அதை வாங்கிச் சமையலறையில் வைத்தார். ஐந்தாறு வாரம் அது அங்கேயே இருந்தது. பாட்டி இறந்தார்.

முகம்மதியா, மொராக்கோ, 1984. மின்நிலையக் கட்டுமான இடத்தில் கேபிளிலிருந்து கழன்று விழுந்த சோர்ஸை ஒரு தொழிலாளி வீட்டுக்கு எடுத்துப் போனார். அவரும் குடும்பத்தாரும் உறவினர்களுமாக எட்டுப் பேர் செத்தார்கள். முதலில் ஏதோ விஷம் என்றுதான் நினைத்தார்கள். கடைசி ஆளும் போன பிறகுதான் கதிர்வீச்சாக இருக்குமோ என்று ஒருவருக்குத் தோன்றியது. சோர்ஸ் இருந்த பெட்டியில் எச்சரிக்கைச் சின்னம் இருந்தது. சோர்ஸின் மேல் எதுவும் இல்லை. அத்தனை சின்னதில் என்னத்தை ஒட்டுவது?

மீத் ஹல்ஃபா, எகிப்து, 2000. கெய்ரோவுக்கு வடக்கே ஒரு கிராமம். ஒரு விவசாயி விலையுயர்ந்த உலோகம் என்று எடுத்துவந்து வீட்டில் வைத்தார். அவரும் ஒன்பது வயது மகனும் இறந்தார்கள், மற்றவர்களுக்குத் தோல் வெந்தது. மருத்துவர்கள் காரணத்தைக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆனது.

மூன்றும் இரிடியம்-192. நாங்கள் தினமும் கையாண்ட அதே சரக்கு. சில மில்லிமீட்டர் உலோகம், எஃகு உறை, விரல் நீளத்துக்கு ஒரு வால். பளபளப்பாக இருக்கும், சூடு தெரியாது, வாசனை கிடையாது. அதன் அரை ஆயுள் 74 நாள் என்பதை உங்கள் மாணவர்கள் மனப்பாடமாக எழுதிவிடுவார்கள், கணக்கும் சரியாகப் போடுவார்கள். அது எப்படி இருக்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்தில் படம் இருக்கிறது? இன்ஷாஸில் ஆராய்ச்சி உலை வந்து ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்துத்தான் மீத் ஹல்ஃபா நடந்தது, ச. உலைக்கும் அந்தக் கிராமத்துக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடம் இருந்திருக்கும். அங்கே ஓர் அறிவியல் ஆசிரியரும் இருந்திருப்பார். எனக்கு அவரைப் பற்றித்தான் யோசனை.

இதற்கு நேர் எதிரான கதை துவைத்தா. பாக்தாதுக்குத் தெற்கே இருந்த அணு வளாகத்தை 2003 போரின்போது ஊர்க்காரர்கள் சூறையாடினார்கள். மஞ்சள் யுரேனியப் பொடியைக் கொட்டிவிட்டுப் பீப்பாய்களைத் தண்ணீர் பிடிக்கக் கொண்டுபோனார்கள். இங்கே ஆபத்து பொடி ஒட்டிக்கொள்வதில், வயிற்றுக்குள் போவதில். செதிஃபில் எதுவும் ஒட்டவில்லை, கதிர் மட்டும் ஊடுருவியது. இந்த இரண்டையும் மாணவர்கள் போட்டுக் குழப்புகிறார்கள் என்பதை நெதர்லாந்தின் ஐகல்ஹாஃபும் பிரிட்டனின் மில்லரும் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். குழப்பத்தின் விளைவு என்ன? கதிர் பட்ட நோயாளியைத் தொட அஞ்சுவார்கள், உலோகத்தைத் தொட அஞ்சமாட்டார்கள். உங்கள் வினாத்தாள் இதைத்தான் பிடிக்க வேண்டும்.

அந்த வினாத்தாளைப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, நாற்பதில் முப்பது குப்பை. கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தவர் யார், பெக்கரல் எதன் அலகு, காமா கதிரைத் தடுக்க எத்தனை சென்டிமீட்டர் ஈயம். இவை பரீட்சைக் கேள்விகள். பதில் தெரிந்தவனும் செதிஃப் பாட்டி செய்ததையே செய்வான். எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். கதிர்வீச்சை ஒலியாகக் காட்டும் கெய்கர் கருவி ஒன்று வாங்க முடிந்தால் வாங்கி, கேஸ் விளக்கின் பழைய மேண்டில் ஒன்றின் பக்கத்தில் வைத்து டிக் டிக் என்று கேட்க வையுங்கள். பழைய மேண்டிலில் தோரியம் இருக்கும். கிள்ளிப் பிய்க்கவிடாதீர்கள், தூசு மூக்கில் போகும். பிறகு அந்தக் கருவியை இரண்டு அடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். தூரம் என்றால் என்ன என்று அவர்கள் காதே சொல்லிவிடும்.

உங்கள் இருபத்தி மூன்றாவது கேள்வி மட்டும் அருமை. "தெருவில் இதுவரை பார்த்திராத, பளபளப்பான, விரல் நீள உலோகத் துண்டு ஒன்று கிடக்கிறது. நீ என்ன செய்வாய்?" நான்கு விடைகள் கொடுத்திருக்கிறீர்கள். எடுத்து வைத்துக்கொள்வேன், உதைத்துத் தள்ளுவேன், ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன், கவனிக்காமல் போவேன். சரியான விடை மூன்றாவது என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள்.

ச., அதை அடியுங்கள். நல்ல பிள்ளைகள் அத்தனை பேரும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் நடந்து, உங்கள் மேசைமேல் வைப்பார்கள். நீங்களும் நல்ல பிள்ளை என்று தட்டிக்கொடுத்து அதை இழுப்பறையில் வைப்பீர்கள். ஐந்தாவதாக ஒரு விடை சேருங்கள்: தொடாமல் தள்ளிப் போய், பெரியவர்களை அழைத்து, தூரத்தில் இருந்தே இடத்தைக் காட்டுவேன். மாணவர்களுக்குக் கொடுக்கும் முன் இந்த ஒரு கேள்வியை மட்டும் உங்கள் ஆசிரியர் அறையில் சுற்றுக்கு விடுங்கள். எத்தனை பேர் மூன்றைக் குறித்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். முனைவர் பட்டமெல்லாம் அப்புறம் வரட்டும்.