காறை எலும்பும் ஹெல்மெட்டும்

வணக்கம் சார்,

அல்சூரிலிருந்து கப்பன் பார்க் வரை சைக்கிளில் போய்வருவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதை ஒட்டி ஒரு கேள்வி. எங்கள் அபார்ட்மென்ட் முருகேஷ்பாளையாவில் இருக்கிறது. இரவு டியூட்டி பார்க்கும் செக்யூரிட்டி தருமபுரிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். போன வாரம் சைக்கிளில் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். எங்கள் கேட்டுக்குச் சற்று முன்னால், ஓரம் கட்டாமல் நின்றிருந்த ஒரு கேப்பின் இடதுபக்கப் பின்கதவை உள்ளே இருந்தவர் சட்டென்று திறந்துவிட்டார். இவர் கதவில் மோதி விழுந்து, காறை எலும்பு முறிந்துவிட்டது. முழங்காலிலும் அடி. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த முதல் மெசேஜே “ஹெல்மெட் போட்டிருந்தாரா?” என்பதுதான். மறுநாளே, ஹெல்மெட் இல்லாமல் சைக்கிளில் வரும் வேலையாட்களை உள்ளே விடக்கூடாது என்று அசோசியேஷன் தீர்மானம் போட்டுவிட்டது. எனக்கு அது கொஞ்சம் ஓவராகத் தெரிந்தாலும், சரிதானே என்றும் படுகிறது. அவரவர் உயிருக்கு அவரவர்தானே பொறுப்பு? பைக்குக்குக் கட்டாயம் என்றால் சைக்கிளுக்கு ஏன் கூடாது? நீங்கள் ஹெல்மெட் போட்டுத்தான் ஓட்டுகிறீர்களா?

ஆர்.,
முருகேஷ்பாளையா, பெங்களூரு

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், போடுகிறேன். தெருமுனைக் கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போனாலும் போடுகிறேன். வீட்டில் அதற்காகக் கிண்டலும் வாங்கிக்கொள்கிறேன்.

சைக்கிள் ஹெல்மெட் ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஓடு. உள்ளே இருப்பதெல்லாம் தெர்மகோல்தான். டிவி வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் வருகிறதே, அதே ஜாதி, கொஞ்சம் அடர்த்தி கூடியது. தலை தரையில் மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்க எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு சில மில்லிசெகண்டில் மூளைக்குப் போகிற அதிர்ச்சி குறைகிறது. நசுங்கினது பழையபடி எழும்பாது. அதனால் ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அமெரிக்கத் தரநிலையில் இதை 2 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின்மேல் போட்டுச் சோதிக்கிறார்கள். ஐரோப்பாவில் சுமார் ஒன்றரை மீட்டர். வேகக் கணக்கில் மணிக்கு 20, 22 கிலோமீட்டர். சைக்கிளிலிருந்து நாமாக விழுந்தால் தலை தரையைத் தொடுகிற வேகம் ஏறக்குறைய அவ்வளவுதான். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து வரும் வண்டிக்காகச் செய்த பொருள் இல்லை அது.

அந்த எல்லைக்குள் நன்றாகவே வேலை செய்கிறது. 2016-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, காயம்பட்ட அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்களைப் பற்றிய 40 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஹெல்மெட் போட்டவர்களுக்குப் பாதியாகவும், கடுமையான தலைக்காயத்துக்கான வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போவது என்றால் இதுதான். ஆனால் வாரை ஒழுங்காகப் போட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க்கில் பாருங்கள், பாதிப் பிள்ளைகளுக்கு ஹெல்மெட் பிடரியில் தொங்குகிறது, நெற்றி மொட்டையாக நிற்கிறது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடம், அவ்வளவுதான் இருக்கலாம்.

ஆக, போடுங்கள் என்று யார் சொன்னாலும் நான் அவர் பக்கம். ஆனால் உங்கள் செக்யூரிட்டிக்கு முறிந்தது காறை எலும்பு. எந்த ஹெல்மெட்டும் தோள்வரை இறங்காது. குரூப்பில் அந்த முதல் கேள்வியைக் கேட்டவருக்கு அடி எங்கே பட்டது என்று தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். “இல்லை, போடவில்லை” என்று பதில் வந்ததும் எல்லோருக்கும் மனசு லேசாகியிருக்கும். கதவைத் திறந்தவர் யார், அந்த கேப் யாரை இறக்கிவிட வந்தது என்று ஒருவரும் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. உங்கள் கேட்டுக்குச் சற்று முன்னால் நின்றது என்கிறீர்கள். சரி, அதை நான் கிளறவில்லை.

அவரவர் உயிருக்கு அவரவர் பொறுப்பு என்கிறீர்கள். என் தலையைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளும்போது எனக்கும் அது சம்மதம்தான். அடிபட்டுப் படுத்திருக்கும் இன்னொருவரைப் பற்றி அதையே சொல்லும்போதுதான் இடிக்கிறது. நம் நீதிமன்றங்கள்கூட இதில் நம் அசோசியேஷன்களைவிட நிதானமாக இருக்கின்றன. ஒரே பைக்கில் மூன்று பேர் போனபோது நடந்த விபத்தில், பின்னால் இருந்தவர் இறந்துபோனார். மூன்று பேர் போனது அவர் தரப்புக் கவனக்குறைவு என்று சொல்லி இழப்பீட்டில் ஒரு பகுதியை வெட்டியிருந்தார்கள். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மூன்று பேர் போனது விதிமீறல்தான், ஆனால் அந்த மீறல் விபத்துக்கோ பாதிப்புக்கோ காரணமாக இருந்தது என்று காட்டாமல் அதை அவர் தலையில் ஏற்ற முடியாது என்றது. இத்தனைக்கும் அங்கே சட்டமே மீறப்பட்டிருந்தது. உங்கள் செக்யூரிட்டி எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளுக்குத்தான் தலைக்கவசம் கேட்கிறது. சைக்கிள் அதில் இல்லை.

இருந்தால் என்ன என்பது உங்கள் அடுத்த கேள்வி. பைக் விஷயத்தில் கட்டாயத்தை நான் முழுசாக ஆதரிக்கிறேன். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஹெல்மெட் போடாத இருசக்கர வண்டிக்காரர்கள் மட்டும் 50,029 பேர். அந்த வேகத்துக்கு அந்தச் சட்டம் வேண்டும். (பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம் என்று கர்நாடகத்தில் 2016-ல் வந்ததே, அப்போது அரை ஹெல்மெட் வியாபாரம் சிக்னலுக்குச் சிக்னல் நடந்தது ஞாபகமிருக்கிறதா? போலீஸுக்காகப் போடுவது, தலைக்காக அல்ல.)

சைக்கிளுக்குக் கட்டாயமாக்கிப் பார்த்த ஊர்கள் இருக்கின்றன. உலகத்திலேயே முதலில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990 ஜூலையில். தலைக்காயங்கள் குறைந்தன. கூடவே சைக்கிள் ஓட்டுகிறவர்களும் குறைந்தார்கள், முக்கியமாகப் பதின்வயதுப் பிள்ளைகள். எந்தக் குறைவுக்கு எது காரணம் என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். மெக்சிகோ நகரம் வாடகை சைக்கிள் திட்டம் கொண்டுவந்தபோது, 2010-ல், கட்டாயத்தை எடுத்துவிட்டது. நமக்குப் பொருந்துகிற உதாரணம் அமெரிக்காவின் சியாட்டில். அந்த வட்டாரத்தில் இருந்த ஹெல்மெட் சட்டத்தை 2022-ல் ரத்து செய்தார்கள். ஹெல்மெட் கெட்டது என்பதற்காக இல்லை. அபராதச் சீட்டு யார் கைக்குப் போகிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். வீடில்லாமல் தெருவில் இருப்பவர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும்தான் அளவுக்கு மீறிப் போயிருந்தது.

பெங்களூரில் யார் கைக்குப் போகும்? விடியற்காலை நந்தி மலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் சட்டம் இல்லாமலே ஹெல்மெட் போட்டிருக்கிறார்கள், கண்ணாடி, கையுறை எல்லாம் சேர்த்து. கேரியரில் டீ கேனைக் கட்டிக்கொண்டு கட்டட வேலை நடக்கிற இடமெல்லாம் சுற்றுகிறவர், ராத்திரி டியூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தில் ரூமுக்குப் போகிற செக்யூரிட்டி, இவர்களைத்தான் சிக்னலில் நிறுத்துவார்கள். செகண்ட் ஹேண்டில் இரண்டாயிரத்துக்கு வாங்கிய சைக்கிள் அது. நல்ல ஹெல்மெட் ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பது கஷ்டம். உங்கள் தீர்மானமும் “வேலையாட்கள்” என்றுதான் ஆரம்பிக்கிறது. குடியிருப்பவர்களின் பிள்ளைகள் பேஸ்மென்ட் சரிவில் சைக்கிளில் இறங்குகிறார்களே, அவர்களை கேட்டில் யார் நிறுத்தப்போகிறார்கள்?

நெதர்லாந்தைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே பாட்டிகூட ஹெல்மெட் இல்லாமல்தான் ஓட்டுகிறாள். 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் சாலைகளில் மூவாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள், அதில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிக் குழந்தைக் கொலையை நிறுத்து என்றே இயக்கம் நடத்தினார்கள். பிள்ளைகள் தலையில் எதையும் மாட்டவில்லை, கார்களின் வேகத்தைக் குறைத்து, சைக்கிளுக்குத் தனிப்பாதை போடவைத்தார்கள். நம் ஊரிலும் பாதை போட்டார்கள். ஜெயநகரில் போட்டது கார் நிறுத்த வசதியாக இருக்கிறது. 2020-ல் அவுட்டர் ரிங் ரோட்டில் கம்பங்கள் நட்டுத் தடுத்த பாதையில், வண்டிகள் முதலில் அந்தக் கம்பங்களைத்தான் சாய்த்தன. அப்படிப்பட்ட ரோட்டில் ஓட்டுவதால்தான் நான் ஹெல்மெட் போடுகிறேன். ஆம்ஸ்டர்டாமில் இருந்தால் ஒருவேளை போட மாட்டேன்.

அசோசியேஷன் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், லிஃப்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டச் சொல்லுங்கள். கார்க் கதவைத் தூரக் கையால் திறக்க வேண்டும். இடதுபக்கம் உட்கார்ந்திருந்தால் வலது கையால், டிரைவர் சீட்டில் என்றால் இடது கையால். அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிற சைக்கிள் கண்ணில் படும். டச்சுக்காரர்களின் பழக்கம் இது. பிரிட்டன் 2022-ல் தன் சாலை விதிக் கையேட்டிலேயே சேர்த்துவிட்டது. அப்புறம், ஹெல்மெட் வேண்டும் என்று தீர்மானம் போட்டவர்களே பராமரிப்புக் கணக்கிலிருந்து வாங்கிக் கொடுக்கட்டும். பின்னால் மினுக்குகிற சிவப்பு விளக்கும் ஒன்று சேர்த்து. இரவு டியூட்டிக்கு வருகிறவருக்கு அது ரொம்ப அவசியம்.

இதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. காறை எலும்பு கூட ஒன்றரை மாதமாவது ஆகும். செக்யூரிட்டி ஏஜென்சி அவருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடிக்கிறதா என்று கேளுங்கள். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தையும் பணியிட விபத்தாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2010-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். பிடிக்கிறார்கள் என்றால் வைத்தியச் செலவும், வேலைக்குப் போகாத நாட்களுக்குப் பணமும் கேட்க முடியும். கேப்பின் இன்ஷூரன்ஸ் மீது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுவது தனி. அதற்கு ஆறு மாதத்துக்குள் போய்விடுவது நல்லது, போலீஸ் புகாரும் வேண்டும். வண்டி நம்பரை உங்கள் கேட் கேமரா பிடித்திருக்கும். பெரும்பாலான கேமராக்களில் பழைய பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், அதனால் இன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள்.