தாத்தா படத்துக்கு வயல் வைத்த பையன்

அம்மா, உங்கள் மகன் செய்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாத்தாவின் பழைய கருப்பு வெள்ளைப் படம், பின்னால் கலரில் பச்சை வயலும் வானமும். "பிளஸ் டூ காமர்ஸ் படிக்கிறவன் ராத்திரியெல்லாம் இதையே நோண்டுகிறான், இது சோறு போடுமா?" என்று கேட்டிருந்தீர்கள். நேற்று அவனிடமும் போனில் பேசினேன்.

ஆளை வெட்டி வேறு பின்னணியில் வைப்பது இன்று பெரிய வேலை இல்லை. போனே செய்துவிடுகிறது. ஒட்டியது தெரியாமல் வைப்பதுதான் கஷ்டம். தாத்தா முகத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுகிறது. எடுத்த வயலிலோ வெயில் வலப்பக்கம். அதைக் கவனித்து வயலை இடம் வலமாகத் திருப்பியிருக்கிறான். முகத்தை அமுக்கிவிடாதபடி பச்சையை மங்கலாக்கியிருக்கிறான். பழைய படத்தில் தெரியும் பொடிப்பொடியான புள்ளிகளை, அதாவது கிரெயினை, பின்னணியிலும் தூவியிருக்கிறான். யாரும் சொல்லித்தரவில்லையாம். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

குறையும் இருக்கிறது. முடியோரம் பழைய ஸ்டுடியோச் சுவரின் வெள்ளைக் கோடு தெரிகிறது. எரேசரால் அழித்ததால் திருத்த வழியில்லை. படத்தின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனி அடுக்காக, அதாவது லேயராக வைத்து, வேண்டாததை அழிக்காமல் மூடிவைக்கும் லேயர் மாஸ்க்கில் மறைத்திருந்தால் வேண்டியதைத் திரும்பக் கொண்டுவரலாம். ஸ்கேன் கலரே இல்லாத கிரேஸ்கேலில் இருந்ததால் ஒட்டிய வயலும் சாம்பலாகி, இரண்டு நாள் திண்டாடியிருக்கிறான். கோப்பை சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறச் சேனல்கள் உள்ள ஆர்ஜிபிக்கு மாற்றியிருந்தால் போதும். கருப்பு வெள்ளைப் படமானாலும் இனி கலரிலேயே, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யட்டும். பழைய படத்தின் மஞ்சள் கறை நீலச் சேனலில்தான் அதிகம் தெரியும், சிவப்பில் பெரும்பாலும் மறைந்துவிடும், அதனால் சிவப்பை வைத்தே கறையைக் குறைக்கலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சோறு போடும். ஆனால் மென்பொருள் மட்டும் தெரிந்தவனுக்குப் போடுவது கஷ்டம், அந்த வேலையை இயந்திரமே எடுத்துக்கொண்டு வருகிறது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிற கண்ணுக்குத்தான் விளம்பரத்திலும் பத்திரிகையிலும் சினிமாவின் கணினிக் காட்சி வேலையான விஎஃப்எக்ஸிலும் இடம் உண்டு. தொடக்கத்தில் சம்பளம் குறைவு, வேலை நேரம் அதிகம். அதையும் தெரிந்துகொண்டு வரட்டும்.

அதனால் லட்சக்கணக்கில் கட்டி மென்பொருள் மட்டும் சொல்லித்தரும் இடத்தில் அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள். படம் திருத்தும் கிம்ப் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சென்னையில் 1850இல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது, கும்பகோணத்திலும் ஒன்று இருக்கிறது. இரண்டிலும் கவின்கலைப் பட்டப்படிப்பான பிஎஃப்ஏ படிக்கலாம். டிசைன் படிக்க ஆசை என்றால் ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் என்ற டிசைன் நுழைவுத் தேர்வும், தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடியின் நுழைவுத் தேர்வும் உண்டு. காமர்ஸ் மாணவர்களும் எழுதலாம்.

எதற்குப் போனாலும் கையால் வரையத் தெரிய வேண்டும். அவனுக்கு அங்கேதான் பயம், பென்சிலைத் தொட்டே வருஷக்கணக்காகிறதாம். ஒரு நோட்டும் 2பி பென்சிலும் வாங்கிக்கொடுங்கள். சொம்பை ஒற்றை விளக்கின் கீழ் வைத்து, தினமும் அரை மணி நேரம் அதன் நிழலை வரையட்டும். தேர்வுக்கும் ஆகும், அடுத்து யாரையாவது வயலில் நிறுத்தும்போது காலடி நிழல் எப்படி விழும் என்பதும் புரியும்.

அப்புறம், அந்தப் படத்தின் லேயர் பிரிந்த கோப்பை அழிக்க வேண்டாம், செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் முதல் பக்கத்துக்கு ஆகும். பொதுத்தேர்வு முடியும்வரை ராத்திரி 10 மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். சரி என்றான்.