நானே எழுதியதை ‘ஏஐ எழுதியது’ என்கிறதே சாஃப்ட்வேர், எதை அனுப்புவது?

கேள்வி: கோவை கணபதியில் பிளஸ் டூ படிக்கிறேன். அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார். அமெரிக்காவில் மெக்கானிக்கல் படிக்க காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பம் போடும் இணையதளம்) வழியாக விண்ணப்பிக்கிறேன். 650 வார்த்தைக் கட்டுரையை முதலில் நானே எழுதினேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்தால் ‘70 சதவீதம் ஏஐ’ என்று வந்தது. வெறுத்துப்போய் சாட்ஜிபிடியிடமே கொடுத்து மாற்றி வாங்கினேன். இரண்டையும் இணைத்திருக்கிறேன். நண்பர்கள், ‘எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க, காலேஜே மெஷினை வச்சுத்தானே படிக்குது’ என்கிறார்கள். கரண்ட் போனால் நான் டார்ச் பிடிப்பேன், அப்பா அளப்பார், அளவை நான் நோட்டில் குறிப்பேன். லேத்தில் கடைந்த ஜாப் சூடாக இருக்கும்போது எடுத்த அளவை எழுதவே விடமாட்டார், ஆறின பிறகுதான் எழுத வேண்டும். அப்படிக் கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறவர். தப்பு எதுவும் நடந்துவிடக் கூடாது. எதை அனுப்பட்டும்?

பதில்: தம்பி, இரண்டையுமே இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். கடிதத்தின் முடிவில் டார்ச், நோட்டு, சூடான ஜாப் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது இரண்டு கட்டுரைகளிலும் இல்லை.

சாட்ஜிபிடி தந்தது ‘லேத்தின் ஓசையில் விடாமுயற்சியைக் கற்றேன்’ என்ற பொருளில் தொடங்குகிறது. லேத்தைக் கண்ணால் பார்க்காதவரும் எழுதிவிடக்கூடிய வரி அது. உங்கள் அப்பா ஏன் ஆறவிட்டு எழுதச் சொன்னார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டு, அறை வெப்பத்தைவிட 40 டிகிரி கூடுதலாக இருந்தால் ஏறத்தாழ 0.024 மில்லிமீட்டர் பெருத்திருக்கும். பட்டறையில் புழங்கும் வெர்னியர் அளவுகோலின் லீஸ்ட் கவுன்ட், அதாவது அது காட்டும் மிகச்சிறிய அளவு, பெரும்பாலும் 0.02 மில்லிமீட்டர். சூட்டில் அளந்தால் கோடு ஒன்று தள்ளிப்போகும், ஆறியதும் அளவு குறைந்து ஜாப் ரிஜெக்ட் ஆகலாம். வெப்ப விரிவைப் பாடப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே நோட்டில் எழுதிப் பழகிய பையன் நீங்கள். மெக்கானிக்கல் படிக்க வருகிறவரிடம் ஒரு கல்லூரி இதைவிட வேறென்ன கேட்கும்?

இதைச் சாட்ஜிபிடியிடம் சொல்லியே எழுதி வாங்கலாமே என்று தோன்றும். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30,000 உண்மையான விண்ணப்பக் கட்டுரைகளை ஏஐ எழுதியவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எழுதுபவர் யார், எப்படிப்பட்டவர் என்று சொல்லிக் கொடுத்தபோதும், ஏஐ அந்தச் சொற்களையே எடுத்துக் கட்டுரையில் ஒட்டியதே தவிர, நடை அந்த மனிதருடையதாக மாறவில்லை.

அடுத்து அந்த 70 சதவீதம். இதற்காக ஒரு ராத்திரித் தூக்கத்தைக்கூடக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாக 61 சதவீதத்தை அவை ‘ஏஐ எழுதியது’ என்றன. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியவற்றை ஏறக்குறைய முழுதும் சரியாக இனம் கண்டன. அடுத்து வரும் சொல் எவ்வளவு எளிதாக ஊகிக்கக்கூடியது என்பதை வைத்துத்தான் இக்கருவிகள் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில் பழகிய சொற்களையே நாம் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம், அதனால் மாட்டிக்கொள்கிறோம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அந்தச் சாஃப்ட்வேரைத் திருப்திப்படுத்த ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். கூகுள் டாக்ஸில் எழுதுங்கள், அதில் மாற்றங்களின் வரலாறு நாள், நேரத்தோடு இருக்கும். கையால் எழுதிய தாள்கள் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்கு இவை போதும்.

விதிகளைப் பொறுத்தவரை நண்பர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். ஏஐ தந்த உள்ளடக்கத்தைத் தன் சொந்த எழுத்தாகச் சமர்ப்பிப்பது மோசடி என்று 2023-லேயே காமன் ஆப் தன் விதியில் சேர்த்துவிட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு மாதிரி. பிரவுன் பல்கலைக்கழகம் எழுத்துப்பிழை, இலக்கணம் பார்ப்பதோடு நிறுத்தச் சொல்கிறது. ஜார்ஜியா டெக், யோசனை கேட்கவும் திருத்தவும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் எழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும் என்கிறது. நம் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டியது கால்டெக்கின் அறிவுரை. வேறு மொழியில் எழுதிய கட்டுரையை ஏஐ வைத்து மொழிபெயர்ப்பதையும் அது தவறான பயன்பாட்டில் சேர்த்திருக்கிறது. தமிழில் எழுதி ஆங்கிலமாக்கி வாங்குவதில் என்ன தப்பு என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கால்டெக்கைப் பொறுத்தவரை தப்புதான். தமிழில் யோசியுங்கள், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஆங்கிலத்தில் நீங்களே எழுதுங்கள். இலக்கணப் பிழையைக் கடைசியில் ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம்.

அதே கால்டெக் ஓர் எளிய உரைகல்லும் தருகிறது: இந்த வேலையை நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் செய்யச் சொன்னால் அது நேர்மையாக இருக்குமா? இங்கேதான் நமக்குச் சறுக்குகிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டு இன்ஜினீயரிங் சீட் வாங்கும் ஊர் நம்முடையது. நீ யார் என்று இங்கே கல்லூரிகள் பெரும்பாலும் கேட்பதில்லை. அதனால் வெளிநாட்டுக் கல்லூரி கேட்கும் கட்டுரையையும் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் போல ஒரு தாளாக நினைத்து, ‘ஏன் இதைப் படிக்க வருகிறேன்’ என்று சொல்லும் எஸ்ஓபி கட்டுரையைக் காசு கொடுத்து எழுதி வாங்கும் பழக்கம் ஏஐ வருவதற்கு முன்பே நம்மிடம் வேரூன்றிவிட்டது. மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பழக்கியது நாம்தான்.

‘அவங்க மட்டும் மெஷின் வச்சுக்கலாமா’ என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. வர்ஜீனியா டெக் 2025-ல் சிறு கட்டுரைகளுக்கு மதிப்பெண் போட ஏஐயைக் கொண்டுவந்தது. முன்பு இரண்டு மனிதர்கள் படித்தார்கள், இப்போது ஒரு மனிதர், ஒரு ஏஐ. 12-க்குப் போடும் மதிப்பெண்ணில் இருவருக்கும் இடையே 2-க்கு மேல் வித்தியாசம் வந்தால் இன்னொரு மனிதர் படிப்பார், சேர்க்கை முடிவை ஏஐ எடுக்காது என்று அறிவித்திருக்கிறார்கள். வெளிப்படையாகச் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் கணினித் துறை, பிஎச்டி சேர்க்கைக்கு ‘கிரேட்’ என்ற கருவியை 2013 முதல் பயன்படுத்தி 2020-ல் கைவிட்டது. பழைய சேர்க்கை முடிவுகளைப் பார்த்துப் பழகிய கருவி அது. பழைய பாரபட்சத்தையும் சேர்த்துக் கற்றிருக்கும் என்ற விமர்சனம் எழுந்தது. ஆகவே எந்தக் கட்டுரையை எது படிக்கிறது என்று ஒவ்வொரு கல்லூரியும் சொல்லியாக வேண்டும், மாணவர்கள் மின்னஞ்சல் போட்டுக் கேட்கவும் வேண்டும். நீங்களும் கேளுங்கள், கேட்பதால் சீட் போகாது. ஆனால் கல்லூரி கருவி வைத்துப் படிப்பதைக் காரணம் காட்டி உங்கள் கையெழுத்தின் கீழ் பொய்யை வைக்க முடியாது.

பெரும்பாலான கல்லூரிகளின் ரெகுலர் கெடு ஜனவரி தொடக்கத்தில் வரும். முதல் கட்டுரையை எடுங்கள், சூடான ஜாப்பிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். முடித்ததும் அப்பாவை உட்கார வைத்துத் தமிழில் வரிவரியாகச் சொல்லுங்கள். ‘அது அப்படி இல்லப்பா’ என்று அவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே திருத்துங்கள். ஒன்று மட்டும் கடிதத்தில் விட்டுப்போயிருக்கிறது: ஜாப்பைக் காற்றில் ஆறவிட்டாரா, கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ஊற்றினாரா? கேட்டு எழுதுங்கள்.